வானொலி அறிவிப்பாளராக இருந்து கடை வைத்தவரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி

இப்படிப்பட்டவர்களைப் பற்றிய நினைவுக் குறிப்புகளை எடுத்துப் பாருங்கள். நிலையத்தில் சேர்ந்த வருடம், வாசித்த முதல் செய்தி, ஸ்டூடியோவுக்கு வந்துபோன பெரிய மனிதர்கள் என்று பக்கம் பக்கமாகப் போகும். கடைசியில் ஒரே ஒரு வரி வரும்: "பிற்காலத்தில் சொந்தமாகக் கடை நடத்தி வந்தார்." அந்த ஒரு வரிக்குள் இருபது முப்பது வருடம் அடைபட்டுக் கிடக்கும். தினமும் ஷட்டரைத் தூக்கியது, கடன் கேட்டவருக்கு முகம் கோணாமல் கொடுத்தது, மழை நாளில் ஒரு ஆள்கூட வராமல் உட்கார்ந்திருந்தது எல்லாம் அதற்குள்தான்.

என் பெரியப்பா வானொலி அறிவிப்பாளராக இருந்தவர். அப்புறம் ஒரு சின்ன ஹார்டுவேர் கடை வைத்தார். ஆணி, திருகாணி, தாழ்ப்பாள், கீல், கயிறு, பெயின்ட் பிரஷ். அவர் காலமான பிறகு அவர் வாழ்க்கையை எழுதி வைக்கும் வேலை என்னிடம் வந்தது. அதைப் பார்த்துவிட்டு, தங்கள் வீட்டுப் பெரியவர்களைப் பற்றி எழுத நினைத்த சிலர் வந்தார்கள். அவர்களோடும் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் எனக்குத் தெரிந்த வழியை இங்கே சொல்கிறேன். வானொலி ஒரு வாழ்க்கை, கடை இன்னொரு வாழ்க்கை என்று பிரித்து எழுதாதீர்கள். மைக் முன்னால் பழகிய பழக்கம் கல்லாவுக்குப் பின்னாலும் தொடர்ந்திருக்கும். அது எங்கெங்கே தொடர்ந்தது என்று தேடிப் பிடிப்பதுதான் எழுதுகிறவரின் முதல் வேலை.

கடையிலிருந்து தொடங்குங்கள்

முதலில் வந்தது வானொலிதானே, அங்கிருந்துதானே தொடங்க வேண்டும் என்று தோன்றும். எழுதும்போது அந்த வரிசையில் எழுதிக்கொள்ளலாம். தகவல் சேர்க்கும்போது கடைக்குத்தான் முதலிடம். நிலையத்தின் ஆவணம் ஏதாவது காப்பகத்தில் இருந்தால் அது அடுத்த வருடமும் அங்கே இருக்கும். கடை அப்படியில்லை. வேறொருவர் அதை எடுத்துக்கொண்டதும் பழைய சிட்டைகள் குப்பைக்குப் போகும், பெயர்ப்பலகை இறங்கும், பக்கத்துக் கடைக்காரர் இடம் மாறிவிடுவார். வேலைக்கு இருந்த பையன் எங்கே போனான் என்றே தெரியாமல் போய்விடும்.

அதனால் துக்கம் ஆறாத அந்த முதல் சில வாரங்களுக்குள்ளேயே யாராவது ஒருவர் கடைக்குப் போய், எதையும் நகர்த்தாமல், சுத்தம் செய்யாமல் படம் எடுத்துவிடுங்கள். முதலில் வாடிக்கையாளர் நிற்கும் இடத்திலிருந்து. அடுத்து அவர் உட்கார்ந்த நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்து, அவர் கண் மட்டத்திலிருந்து. கை எட்டும் தூரத்தில் எதையெல்லாம் வைத்திருந்தார் என்பது இந்த இரண்டாவது படத்தில்தான் தெரியும். பெரியப்பா கடையில் கடிகாரம் வாடிக்கையாளரின் முதுகுப்பக்கச் சுவரில், அவர் தலை நிமிர்ந்தால் நேராகத் தெரிகிற இடத்தில் மாட்டியிருந்தது. விநாடி முள் உள்ள பெரிய கடிகாரம். ஆணி விற்பவருக்கு விநாடி முள் எதற்கு? ஸ்டூடியோவில் அறிவிப்பாளரின் கண் முன்னால் அப்படித்தான் ஒரு கடிகாரம் இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால்தான் இது புரியும்.

அடுத்தது காகிதங்கள். பில் புக், பேரேடு, மொத்த வியாபாரியிடமிருந்து வந்த பட்டியல்கள், வாடகை ரசீதுகள், உரிமம், கடன் நோட்டு. மெஷினில் அடித்த வழுவழுப்பான ரசீதுகள் இருந்தால் அவற்றை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். அவை வெப்பத்தால் எழுத்து தோன்றும் தாள்கள். வெயிலும் சூடும் பட்டால் சில வருடங்களில் வெள்ளைத் தாளாகிவிடும். கையால் எழுதிய நோட்டு அவ்வளவு சீக்கிரம் போகாது. பேரேட்டைப் பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டியதில்லை. முதல் பக்கம், ஒவ்வொரு வருடத்தின் முதல் பக்கம், கையெழுத்து மாறும் இடங்கள் இவற்றைப் பார்த்தால் போதும். கையெழுத்து மாறிய இடத்தில்தான் அவர் உடம்பு சரியில்லாமல் இருந்திருப்பார், அல்லது ஊரில் இல்லாமல் இருந்திருப்பார். யார் கை அது என்று வீட்டில் கேட்டால் ஒரு கதை வரும்.

கடன் நோட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் ஒரு மனிதரின் குணம் முழுக்க இருக்கும். யாருக்குக் கொடுத்தார், எவ்வளவு நாள் பொறுத்தார், எந்தக் கணக்கின் மேல் கோடு போட்டுவிட்டு விட்டுவிட்டார் என்று எல்லாம் தெரியும். எழுத ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அதிலுள்ள பெயர்கள் உங்களுடையவை அல்ல. கடன் வாங்கியவரின் பிள்ளைகள் இன்றும் அதே தெருவில் இருக்கலாம். ஒரு பெயரைக்கூட, அடையாளம் தெரியும்படியான ஒரு தொழிலைக்கூட எழுதாதீர்கள், நோட்டின் படத்தையும் போடாதீர்கள். "திரும்பி வராத கணக்குகளின் மேல் ஒற்றைக் கோடு போட்டிருந்தார், அந்த வருடத்தோடு அவற்றை மறந்துவிட்டார்" என்று எழுதினாலே அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியது வந்துவிடும்.

யாரிடம், எப்படிக் கேட்பது

கடை சம்பந்தமாகப் பேச வேண்டியவர்கள் நால்வர்: வேலைக்கு இருந்தவர், பக்கத்துக் கடைக்காரர், கம்பெனிச் சரக்குக்கு ஆர்டர் எடுக்க வந்த விற்பனைப் பிரதிநிதி, அடிக்கடி வந்த ஒரு வாடிக்கையாளர். வீட்டாரை இதில் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டாருக்கு அவர் கடைக்குப் போனதும் வந்ததும்தான் தெரியும். உள்ளே எப்படி இருந்தார் என்பது மற்றவர்களுக்குத்தான் தெரியும்.

"அவர் எப்படிப்பட்டவர்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "தங்கமான மனுஷன்" என்று பதில் வரும், பேச்சு அதோடு நின்றுவிடும். செய்முறையைக் கேளுங்கள். காலையில் முதலில் எதைத் திறப்பார்? சரக்கு வந்தால் எப்படி எண்ணுவார்? வாடிக்கையாளர் கேட்டது இல்லாவிட்டால் என்ன சொல்வார்? பொருளைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டால் இன்னும் நல்லது. பெரியப்பா கடையில் வேலை பார்த்தவரிடம் ஒரு கீலைக் கையில் கொடுத்து, "இதை எப்படி விற்பார்?" என்று கேட்டேன். அதுவரை ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "யாராவது கீல் கேட்டா ஐயா உடனே எடுத்துத் தர மாட்டாருங்க. கதவு எந்தப் பக்கம் திறக்குதுன்னு முதல்ல கேப்பாரு. அவங்க கையை ஆட்டிக் காட்டுவாங்க. இவரு அதை வாயால திருப்பிச் சொல்லுவாரு. 'வெளியே நின்னா உங்க வலது பக்கம் கீல், உங்களைப் பார்த்துத் திறக்குது, சரியா?' அப்புறம்தான் பெட்டியைத் திறப்பாரு."

கையால் காட்டியதை வாயால் சொல்லிச் சரிபார்ப்பது அவருக்கு வானொலியில் வந்த பழக்கம். கேட்பவருக்குக் கண்ணில் எதுவும் தெரியாது, எல்லாவற்றையும் சொல்லால்தான் காட்ட வேண்டும் என்று வருடக்கணக்காகப் பழகிய வாய் அது. இந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு நான் ஒரு முழுப் பக்கம் எழுதினேன்.

இன்னொன்று. பழைய அறிவிப்பாளர்கள் எழுத்துப் பிரதியைப் பின் அடித்து வைக்க மாட்டார்கள். பின் அடித்த தாளைப் புரட்டினால் அந்தச் சரசரப்பு மைக்கில் விழும். தனித்தனித் தாளாக வைத்துக்கொண்டு, வாசித்து முடித்த தாளை விளிம்பைப் பிடித்து லேசாகத் தூக்கி ஓசைப்படாமல் பக்கத்தில் நகர்த்துவார்கள். கடையில் எடுத்த ஒரு பழைய வீடியோவில் பெரியப்பா பில் போடுவதைப் பார்த்தேன். பட்டியல் தாள்களை ஒன்றையும் பின் அடிக்காமல் ஒரு இரும்புக் கட்டியின் கீழ் வைத்திருக்கிறார். ஒரு தாளை எடுக்கும்போது கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மேல் வலது மூலையைப் பிடிக்கின்றன, தாள் வளைந்து எழுந்து இடப்பக்கம் போய் அமர்கிறது. சுற்றிலும் தெருச் சத்தம், கடையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள், ஆனாலும் அந்தத் தாள் சத்தமில்லாமல் போகிறது. உங்களிடம் கல்யாண வீடியோவோ கடை திறப்பு விழா வீடியோவோ இருந்தால், பேச்சை விட்டுவிட்டுக் கைகளை மட்டும் ஒருமுறை பாருங்கள். தும்ம வந்தால் முகத்தைத் திருப்புகிறாரா, பேசும் முன் ஒரு மூச்சு எடுக்கிறாரா, போன் வைக்கும்போது சத்தம் வராமல் வைக்கிறாரா என்று கவனியுங்கள்.

பேச்சைப் பதிவு செய்யும்போது மின்விசிறியையும் டிவியையும் நிறுத்தச் சொல்லுங்கள். போனை மேசையின் மேல் நேரடியாக வைக்காமல் மடித்த துண்டின் மேல் வையுங்கள், இல்லாவிட்டால் தட்டுகிற சத்தமெல்லாம் பதிவாகும். பதிவின் தொடக்கத்தில் தேதி, யார் பேசுகிறார், யார் கேட்கிறார், இதை எதற்குப் பயன்படுத்தப் போகிறோம் என்று நீங்களே சொல்லி, அவர் சம்மதத்தையும் அதிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

காற்றில் போன குரலைத் தேடுவது

அவர் வானொலியில் பேசியதில் பெரும்பகுதி இன்று எங்கும் இருக்காது. இதை முதலிலேயே மனதில் வாங்கிக்கொண்டால் ஏமாற்றம் குறையும். ஜெர்மனியின் ஏ.இ.ஜி. நிறுவனம் மாக்னெட்டோபோன் என்ற டேப் ரெக்கார்டரை 1935-இல் பெர்லினில் காட்சிக்கு வைத்தது. மற்ற நாடுகளின் நிலையங்களுக்கு டேப் பரவியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். அதற்கு முந்தைய நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நேரடி ஒலிபரப்பு. டேப் வந்த பிறகும் அது விலை கூடிய பொருள் என்பதால் ஒலிபரப்பு முடிந்ததும் அழித்துவிட்டு அதிலேயே அடுத்ததைப் பதிவு செய்வது வழக்கம். தினசரி அறிவிப்பை யாரும் எடுத்து வைக்க மாட்டார்கள். நாடகம் தப்பித்திருக்கலாம், தலைவரின் உரை தப்பித்திருக்கலாம். "நேரம் காலை ஆறு மணி" என்று சொன்ன குரல் தப்பித்திருக்காது.

பெயரும் கிடைக்காமல் போகலாம். அறிவிப்பாளர் தன் பெயரைச் சொல்லக் கூடாது என்ற வழக்கம் பல நிலையங்களில் இருந்தது. பிபிசியில் செய்தி வாசிப்பவர்கள் பெயர் சொல்லத் தொடங்கியது 1940-இல், போர்க்காலத்தில். எதிரி யாராவது பொய்ச் செய்தி வாசித்தால் கேட்பவருக்கு உண்மையான குரல் எது என்று தெரிய வேண்டும் என்பதற்காக. ஆகவே பத்திரிகையில் அவர் பெயர் இல்லையே என்று சோர்ந்துவிடாதீர்கள். பெயருக்குப் பதில் நிகழ்ச்சியைத் தேடுங்கள்.

அதற்கு நிகழ்ச்சி நிரல் இதழ்கள் உதவும். ஆல் இந்தியா ரேடியோ பல மொழிகளில் நிகழ்ச்சி இதழ்கள் வெளியிட்டது, தமிழில் அதன் பெயர் 'வானொலி'. பிபிசியின் நிகழ்ச்சிப் பட்டியல்கள் 1923 முதல் இணையத்தில் தேடும் வசதியோடு இருக்கின்றன. எந்த அலைவரிசையில், எந்த நேரத்தில் நிலையம் ஒலிபரப்பியது என்று சரிபார்க்க 1947 முதல் வெளிவந்த 'உலக வானொலி தொலைக்காட்சிக் கையேடு' நல்ல துணை. இவற்றிலிருந்து கிடைக்கும் நேரமும் வீட்டார் சொல்லும் ஷிப்ட் நேரமும் பொருந்துகிறதா என்று பாருங்கள். "விடியற்காலையில் நிலைய வண்டி வந்து அழைத்துப் போகும்" என்று பெரியம்மா சொன்னது காலை ஒலிபரப்பு தொடங்கும் நேரத்தோடு அப்படியே பொருந்தியது. அந்த மாதிரிப் பொருத்தம் கிடைத்தால் இரண்டையும் நம்பி எழுதலாம்.

நிலையத்துக்குக் கடிதம் எழுதும்போது "எங்கள் பெரியப்பாவின் பதிவுகள் ஏதாவது இருக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது, வந்தாலும் இல்லை என்றே வரும். முழுப்பெயர், ஒலிபரப்பில் பயன்படுத்திய பெயர், எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை, எந்தப் பிரிவு, ஒன்றிரண்டு நிகழ்ச்சிகளின் பெயர் எல்லாம் கொடுத்துக் கேளுங்கள். ஒலிப்பதிவை மட்டும் கேட்காதீர்கள். டியூட்டி ரூம் லாக் புக் (அன்றன்றைய ஒலிபரப்பைக் குறித்து வைக்கும் நோட்டு), கியூ ஷீட் (நிகழ்ச்சியில் எது எப்போது வர வேண்டும் என்ற குறிப்புத் தாள்), நேயர் கடிதங்கள், பணிப் பதிவேடு ஆகியவற்றையும் குறிப்பிடுங்கள். காகிதம் டேப்பைவிட அதிகமாகத் தப்பிப் பிழைத்திருக்கும்.

இன்னொரு வழி பலருக்குத் தோன்றாது. மீடியம் வேவ் ஒலிபரப்பு பகலில் கொஞ்ச தூரம்தான் போகும். வானத்தின் மேலடுக்கில் அந்த அலைகளை உறிஞ்சும் ஒரு பகுதி பகல் வெளிச்சத்தில் உருவாகி, இருட்டியதும் கலைந்துவிடுகிறது. அதனால் இரவில் அலைகள் இன்னும் உயரே போய்ப் பிரதிபலித்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிக் கேட்கும். சிற்றலையோ (ஷார்ட் வேவ்) கண்டம் விட்டுக் கண்டம் போகும். இப்படித் தூரத்து நிலையங்களைத் தேடிப் பிடித்துக் கேட்பதையே பொழுதுபோக்காகக் கொண்ட நேயர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், டிஎக்ஸ் நேயர்கள் என்று சொல்வார்கள். நிலையத்தின் பெயர் சொல்லப்படும் நேரத்தை அவர்கள் கேசட்டில் பதிவு செய்வார்கள், எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று நிலையத்துக்கு எழுதுவார்கள், நிலையம் கியூஎஸ்எல் என்ற உறுதி அட்டையை அனுப்பும். நிலையத்தின் பெயரைச் சொல்வது யார்? அறிவிப்பாளர்தான். நிலையமே வைத்துக்கொள்ளாத குரல் வேறொரு நாட்டில் ஒரு நேயரின் அலமாரியில் இருக்க வாய்ப்புண்டு. டிஎக்ஸ் நேயர் சங்கங்களுக்கு நிலையம், வருடம், அலைவரிசை மூன்றையும் குறிப்பிட்டு எழுதிக் கேளுங்கள்.

வீட்டிலும் தேடுங்கள். உறவினர் யாராவது ரேடியோ பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்துப் பாட்டு பதிவு செய்திருப்பார்கள். பாட்டுக்கு முன்னாலும் பின்னாலும் அறிவிப்பாளர் பேசுவது அரைகுறையாகச் சிக்கியிருக்கும். "இது பழைய பாட்டுக் கேசட்தானே" என்று ஒதுக்கியதை எல்லாம் முழுக்கக் கேளுங்கள்.

டேப் கிடைத்தால்

உடனே போட்டுக் கேட்க வேண்டும் என்று கை துறுதுறுக்கும். வேண்டாம், பொறுங்கள். முதலில் முகர்ந்து பாருங்கள். பழைய ரீல் டேப்பில் வினிகர் வாசனை அடித்தால் அது அசிடேட் டேப், சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதை மற்ற டேப்புகளோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள், காற்றோட்டமான இடத்தில் தனியாக வைத்து, அதைத்தான் முதலில் டிஜிட்டலாக்கக் கொடுங்கள். 1970-களிலும் 80-களிலும் வந்த சில டேப்புகளுக்கு வேறொரு நோய் உண்டு. ஒலி பதிவாகும் காந்தப் பூச்சைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துவிடும். ஓட்டினால் கிறீச் என்று கத்தும், பூச்சு உரிந்து ஹெட்டில், அதாவது டேப்பிலிருந்து ஒலியை எடுக்கும் பாகத்தில், ஒட்டும். அந்தச் சத்தம் கேட்டதும் நிறுத்திவிடுங்கள். ஒலிக் காப்பகங்களில் இதைக் குறைந்த சூட்டில் பல மணி நேரம் வைத்து ஈரத்தைப் போக்கி, அப்புறம் ஓட்டுவார்கள். அடுப்படியில் செய்து பார்க்கிற காரியமில்லை அது. டேப்புக்கு முந்தைய காலத்து அரக்குப் பூச்சு ஒலித்தட்டு ஏதாவது கிடைத்தால் வீட்டு பிளேயரில் ஒருமுறைகூட வைக்காதீர்கள், ஊசி பட்டு உரிந்தால் போனது போனதுதான்.

கேசட்டுக்கு இவ்வளவு கவலை வேண்டாம். பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் அறிமுகப்படுத்திய இந்தச் சின்னப் பெட்டி நாம் நினைப்பதைவிடக் கெட்டியானது. போடும் முன் மேல் விளிம்பில் உள்ள இரண்டு சின்னப் பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்துவிடுங்கள், தவறுதலாகப் பதிவு பொத்தானை அழுத்தினாலும் அழியாது. முழுக்க ஒருமுறை முன்னோக்கி ஓட்டி, திரும்பச் சுற்றி, அப்புறம் கேளுங்கள். 120 நிமிட கேசட் என்றால் கவனம், அதன் டேப் மிக மெல்லியது, இழுபடும். குரல் மந்தமாகக் கேட்டால் டேப் கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். பதிவு செய்த மெஷினின் ஹெட் ஒரு கோணத்திலும் உங்கள் மெஷினின் ஹெட் வேறு கோணத்திலும் இருந்தால் அப்படித்தான் கேட்கும். ஹெட் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகை, ஸகர ஒலி கூர்மையாகக் கேட்கும்வரை, விவரம் தெரிந்த ஒருவரை வைத்து மெல்லத் திருப்பிச் சரிசெய்யலாம்.

கணினியில் ஏற்றும்போது எம்பி3 ஆக மட்டும் வைக்காதீர்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் (WAV) கோப்பாக எடுங்கள். ஒலிக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாசா குறைந்தபட்சமாகச் சொல்வது அதுதான். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிகாபைட் அளவு வரும். இரைச்சலை நீக்குகிறேன் என்று மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள், பிரதி எடுத்து அதில் செய்யுங்கள். முடிந்ததும் டேப்பைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம், பத்து வருடம் கழித்து இதைவிட நன்றாக எடுக்க ஒரு வழி வரலாம். ரீல் டேப்பை முழுக்க ஓடி முடித்த நிலையிலேயே, முடிவு வெளிப்பக்கம் இருக்கும்படி வையுங்கள். சுற்றிக் கிடக்கும்போது ஒரு சுற்றின் ஒலி அடுத்த சுற்றில் லேசாகப் பதியும். இப்படி வைத்தால் அந்தப் பலமான நிழல் ஒலி பேச்சுக்குப் பின்னால் விழும், காதை உறுத்தாது.

ஏன் வானொலியை விட்டார்?

இரண்டு பாதிகளும் சேரும் இடம் இது. எல்லாரும் ஒரே காரணம் சொன்னால் எழுதிவிட்டுப் போகலாம். பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். பெரியம்மா, "ஷிப்ட் உடம்புக்கு ஆகல, பிள்ளைங்க முகத்தைப் பார்க்க முடியல" என்றார். கூட வேலை பார்த்த ஒருவர், நேரடி நிகழ்ச்சி குறைந்து பதிவு செய்த நிகழ்ச்சிகள் பெருகியதும் அவருக்கு மனம் விட்டுப்போனது என்றார். பெரியப்பாவே ஒரு கேசட்டில் பேரனிடம் பேசும்போது, "கையில எடுத்துக் குடுக்கிற மாதிரி ஒரு வேலை செய்யணும்னு தோணுச்சு" என்கிறார்.

மூன்றில் எது சரி என்று தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலையில்லை. மூன்றையும், யார் சொன்னது என்று குறித்து, அடுத்தடுத்து எழுதுங்கள். ஒருவர் ஒரு வேலையை விடுவதற்கு ஒன்றுக்கு மேல் காரணம் இருப்பது சகஜம். அவர் சொந்த வாயால் சொன்னது இருந்தால் அதைக் கடைசியில் வையுங்கள். நிலையத்தில் யாரோடாவது மனஸ்தாபம் இருந்தது என்று கேள்விப்பட்டால், எழுத்தில் ஆதாரம் இல்லாமல் யார் மீதும் பழி போடாதீர்கள். பெயர் குறிப்பிடாமல், "அந்த வருடம் அவருக்குச் சுலபமாக இல்லை" என்று எழுதினால் வீட்டாருக்குப் புரியும்.

முதலீடு எங்கிருந்து வந்தது என்றும் கட்டாயம் கேளுங்கள். நகை அடகு வைத்ததா, சேமநிதியா, கைமாற்றா? கடை யாருடைய தியாகத்தில் நின்றது என்பது அந்தப் பதிலில்தான் இருக்கும். அந்தத் தியாகம் செய்தவரின் பெயரும் நினைவுக் குறிப்பில் வர வேண்டும், பெரும்பாலும் அது வீட்டிலிருந்த ஒரு பெண்ணாகத்தான் இருப்பார்.

எழுதும்போது

குரலை எழுத்தில் கொண்டுவருவது கஷ்டம். "கணீர் குரல்", "வெண்கலக் குரல்" என்று எழுதினால் எந்த அறிவிப்பாளருக்கும் பொருந்தும். அவர் எந்த எழுத்தில் அழுத்தம் கொடுப்பார், எங்கே நிறுத்துவார், ழகரத்தை எப்படிச் சொல்வார், எண்களை எப்படி வாசிப்பார் என்று எழுதுங்கள். பெரியப்பா தொகை சொல்லும்போது நூறுக்குப் பின் ஒரு சின்ன இடைவெளி விடுவார், செய்தியில் எண் வாசிப்பது போலவே. வாடிக்கையாளர் யாரும் அவரிடம் "எவ்வளவு?" என்று இரண்டாம் முறை கேட்டதில்லை என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். குரலைப் பற்றி இதைவிட நல்ல வாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை, அதை அப்படியே போட்டேன்.

பத்திகளை அமைக்கும்போது வருட வரிசையிலேயே போங்கள், ஆனால் கடைப் பகுதி வரும்போது வானொலியை நினைவூட்டும் ஒரு பழக்கத்தை மட்டும் அங்கங்கே வையுங்கள். ஒவ்வொரு பத்தியிலும் வைத்தால் வலிந்து செய்தது போலாகிவிடும். இரண்டு பகுதிக்கும் ஏறக்குறைய சம அளவு பக்கம் கிடைத்திருக்கிறதா என்று பாருங்கள். வானொலியில் பன்னிரண்டு வருடம், கடையில் இருபத்தைந்து வருடம் இருந்தவருக்கு வானொலி பத்துப் பக்கமும் கடை ஒரு பக்கமும் என்றால், இன்னொரு முறை அந்தப் பக்கத்துக் கடைக்காரரிடம் போய் உட்காருங்கள். பிரபலங்களைச் சந்தித்த கதையை ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எழுதி முடித்ததும் சத்தமாக வாசியுங்கள். வானொலிக்காரரைப் பற்றிய எழுத்து காதில் தடங்கினால் அது அவருக்கு நியாயம் செய்ததாகாது. மூச்சு முட்டும் வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள். கூட்டத்தில் வாசிக்கப் போகிறீர்கள் என்றால் அதற்கென்று தனியாகச் சுருக்கமான பிரதி ஒன்று தயார் செய்யுங்கள், அதில் தேதிகள் குறைவாக இருக்கட்டும். தாள்களைப் பின் அடிக்க வேண்டாம்.

ஒப்படைப்பது

பேச்சுக் கொடுத்த ஒவ்வொருவருக்கும் அவர்கள் சொன்ன பகுதியை அச்சிடும் முன் வாசித்துக் காட்டுங்கள். ஒரு வரியை எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள். ஒலிக்கோப்புகளை மூன்று இடத்தில் வையுங்கள்: உங்களிடம் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று. கோப்பின் பெயரில் வருடம், நிகழ்ச்சி, பேசுபவர் மூன்றும் இருக்கட்டும். 'பெரியப்பா புதுசு 2' என்று இருந்தால் அடுத்த தலைமுறைக்கு ஒன்றும் புரியாது. நிலையத்துக்கும் ஒரு பிரதி அனுப்பலாம். பிப்ரவரி 13 உலக வானொலி நாள், 1946-இல் ஐக்கிய நாடுகள் சபையின் வானொலி தொடங்கிய நாள் அது. அந்தச் சமயத்தில் பல நிலையங்கள் பழைய அறிவிப்பாளர்களைப் பற்றிய நிகழ்ச்சி செய்யப் பொருள் தேடுவார்கள், ஜனவரியிலேயே அனுப்பிவிட்டால் பயன்படும். ஒலிபரப்பின் உரிமை நிலையத்துடையதாக இருக்கலாம் என்பதால், அவர் வானொலியில் பேசிய பதிவைப் பொதுவில் போடும் முன் அவர்களிடம் எழுத்தில் அனுமதி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடையில் வேலை பார்த்தவருக்கு அச்சுப் பிரதி ஒன்றை நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். தபாலில் அனுப்ப வேண்டாம், அவர் அதைப் பார்த்ததும் சொல்லப்போகும் விஷயங்கள் அடுத்த பதிப்புக்கு வேண்டியிருக்கும்.